கண் திறக்காத பிளசர்

— ஏனுங்ணா, இன்னுமா காயலை? போன சந்தைக்கு வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க. பெயின்டுதான பூசியிருக்கீங்க, காங்கிரீட்டா போட்டிருக்கீங்க?

— கொஞ்சம் பொறு கலைச்செல்வி. மலை மேல ஒரு வாரமா மூட்டம் போட்டுக் கெடக்குது, வெயிலக் கண்ணுல காணோம். கறுப்புப் பெயின்டு இருக்குதே, அது ஈரத்துல வெளுப்புத் தட்டிப் போயிரும். பொறவு என்ன தொடைச்சாலும் போவாது. எல்லாம் ஒரு கணக்கு அம்மிணி.

— தொட்டுப் பாத்துட்டனுங்க. கையில ஒட்டலை.

— தொட்டுட்டயா? ரேகை பதிஞ்சிருக்குதா பாரு.

— ஒண்ணும் பதியலைங்க. காஞ்சு கல்லாட்டம் இருக்குது. சென்றாயண்ணா, நீங்க என்னமோ சாக்குச் சொல்றீங்க. நான் விடியக்கருக்கல்ல அரியூர் நாட்டுல இருந்து பஸ்சேறி வாழவந்தி வந்திருக்கறன். இன்னிக்கும் வெறுங்கையோட போய் நின்னா எங்கத்தை ஒரு வார்த்தை கேக்காது. அதுதானுங்க எனக்குத் தாங்கலை. ரெண்டு வஞ்சாக்கூடத் தேவலை.

— பாவாயம்மா எப்படி இருக்குது?

— ராத்திரிச் சோத்த உட்டுருச்சுங்க. மவன் ஊடு திரும்பணும்னு அடிவாரத்துக் கருப்பு சாமிக்கு அவரு வண்டியாட்டமே சின்னதா ஒரு உருவாரம் செஞ்சு வெக்கறதா வேண்டியிருக்குதில்லீங்க. அந்த வண்டி கருப்புகிட்டப் போய்ச் சேர்ற வரைக்கும் பகலுக்கு ஒரு வாய் கஞ்சி, அதோட சரி. கை காலெல்லாம் குச்சியாப் போச்சு. ரெண்டு கண்ணுலயும் பொரை வேற. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா அத்தைன்னா, 'அருணாசலம் வருவான், பிளசர்ல கூட்டிக்கிட்டுப் போவான்'னு சொல்லிட்டுப் படுத்துக்குது. ரோட்டுல எந்த வண்டி போனாலும் தலையத் தூக்கிக் காது குடுக்குது. சத்தம் அது இல்லைன்னு தெரிஞ்சதும் மறுக்காப் படுத்துக்குது.

— அந்தப் பிளசர் காரு சத்தம் அப்படியா?

— மலைக்கே தெரியுமுங்க. மூணாவது வளைவுல ஏறுறப்பவே ஊட்டுல நான் உலை வெச்சிருவேன்.

— எனக்குத்தான் கேக்கக் குடுத்து வெக்கலை. அது மலையில ஓடின காலத்துல நான் நாமக்கல் பட்டறையில லாரிக்குப் பாடி கட்டிக்கிட்டுக் கெடந்தேன். வண்டியவும் பாத்ததில்லை, உங்கூட்டுக்காரரையும் பாத்ததில்லை. பாத்திருந்தா, தம்பி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன், சாவியக் குடுன்னு கேட்டிருப்பேன்.

— குடுக்க மாட்டாருங்க. எங்கிட்டக்கூடச் சாவியக் குடுத்ததில்லை.

— இந்த வண்டி அப்படி இல்லை. சாவி கேக்காது. இங்க வா, வெளிச்சத்துக்கு வா. இதுக்கு அளவு என்ன வெச்சிருக்கறேன்னு தெரியுமா? நெசத்துல ஒரு அடின்னா இதுல முக்கா இஞ்ச். கூடவும் இல்லை, கொறையவும் இல்லை. உடம்பு குமிழ மரம். பானெட்டு எண்ணெய் டின்னு. கண்ணாடி என்னன்னு சொல்லு பாப்போம்.

— பிளாஸ்டிக்குங்களா?

— எக்ஸ்ரே பிலிமு. கழுவி எடுத்தா அந்தக் காலத்துப் பிளைமவுத்துக் காருக் கண்ணாடி மாதிரியே லேசா நீலம் அடிக்கும். டயரு பழைய ரப்பர் செருப்பு. பின்னாடி செவப்பு லைட்டு இருக்குதே, அது எங்கூட்டுக்காரியோட நகப்பாலிசு. திருடித்தான் வெச்சேன், இன்னும் தேடிக்கிட்டு இருக்கறா. ஸ்டியரிங்கத் திருப்பு. பயப்படாத, ஒடையாது. ஒத்த வெரலுல திருப்பு.

— முன்சக்கரம் திரும்புதுங்களே.

— குடைக்கம்பி வெச்சு இழுத்திருக்கறேன். எழுவது வளைவு ஏறின வண்டி. சக்கரம் திரும்பலைன்னா அந்த வண்டிக்கே அவமானம்.

— அவரு பாத்தாருன்னா ஊட்டுக்கே வர மாட்டாருங்க. இதுகூடவே உக்காந்துக்குவாரு.

— சேலத்துல இருந்து ஒரு இன்சினியரு வருவாரு. பொம்மைக் கார் கட்டறதுல கிறுக்கு. வெளிநாட்டுப் பொஸ்தகம் ஒண்ணக் கொண்டாந்து காட்டினாரு. பழைய காரு எல்லாத்தையும் அக்கக்காப் பிரிச்சு, பெரிய இன்ஜினா மாத்தி, பானெட்ட வெட்டி வெளிய தெரிய உட்டு, பின்னால தடியா டயரு போட்டு நிறுத்தி வெச்சிருக்கறாங்க. ஹாட் ராடுன்னு பேராம். அங்க அதுக்குப் பரிசெல்லாம் குடுப்பாங்களாம். 'இதே மாதிரி ஒண்ணு சின்னதாச் செஞ்சு குடு சென்றாயா'ன்னாரு. ஏனுங்க, எங்க மலையில ஒருத்தரு இதைச் சோத்துக்காகச் செஞ்சு ஓட்டியிருக்கறாருன்னு சொன்னேன். நம்பவே இல்லை.

— சோத்துக்காகத்தானுங்க செஞ்சாரு. பெட்ரோல் குடிச்சே வண்டி எங்களத் தின்னுபோடும்னு, உடைச்சுப் போட்ட மேட்டடார் வேனுல இருந்து டீசல் இன்ஜினக் கழட்டி வெச்சாரு. பானெட்டு மூடலை. நடுவுல வெட்டிட்டு அது மேல தகரத்துல கூடு கட்டினாரு. பலாப்பழம் ஏத்தினா பின்னால குந்திக்குதுன்னு லாரி ஸ்பிரிங் பட்டை போட்டுத் தூக்கினாரு. பின்கதவு துருப்புடிச்சு உழுந்தப்ப எங்கிருந்தோ ஒரு பச்சைக் கதவக் கொண்டாந்து மாட்டினாரு. கறுப்படிச்சிருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'பச்சையாவே இருக்கட்டும் புள்ள, கூட்டத்துல அடையாளம் தெரியும்'னாரு. மலையில இருந்தது அந்த ஒத்தப் பிளசரு. என்ன கூட்டம், என்ன அடையாளம்.

— அந்தப் பச்சை கெடைக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துபோச்சு. மூணு டப்பாவக் கலந்தேன். செரியா வந்திருக்குதா?

— அதேதானுங்க. வெயில் பட்ட பச்சை.

— சீட்டுக்கடியில பாரு. ஓட்டற சீட்டுக்கடியில. வெரல உட்டு எடு. ஏத்தத்துல நிறுத்தறப்பப் பின்சக்கரத்துக்கு வெக்கற கல்லு. வெள்ளையடிச்சு, ஆயுதபூசைக்கு மஞ்சப் பொட்டு வெச்சது. கல்லு பயத்தங்காய் வெதையாட்டம் இருக்குது. அதுல பொட்டு வெக்கறதுக்கு மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— நல்லா இருக்குதுங்க.

— அம்மிணி, இந்தக் கல்லப் பத்தி நீ எங்கிட்டச் சொல்லவே இல்லை.

— சொல்லியிருப்பனுங்க.

— இல்லை. நீ சொன்னதெல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. கல்லச் சொல்லலை.

— பச்சைக் கதவு, தகரக் கூடு எல்லாஞ் சொன்னவ கல்ல உட்டிருப்பனுங்களா? சொல்லித்தான் இருப்பேன். பேச்ச உடுங்க. இன்னும் என்ன பாக்கி, லைட்டு மட்டுந்தானுங்களே? முன்னாடி ரெண்டும் குழியாவே இருக்குது.

— லைட்டு வெறும் லைட்டு இல்லை, அதுதான் கண்ணு. எங்கப்பன் முள்ளுக்குறிச்சியில மண்ணுக் குதரை செஞ்சவரு. சாமிக்கு வெக்கற குதரைக்குக் கடேசியாத்தான் கண்ணு தொறப்பாரு. தொறந்துட்டா அது பொம்மை இல்லை, போற பக்கம் போவும், கூட்டியார வேண்டியவங்களக் கூட்டியாரும். இப்ப குதரை வெக்கறவங்க ஆரு இருக்கறாங்க? லாரிக்காரங்க லாரி வெக்கறாங்க, ஜீப்புக்காரங்க ஜீப்பு வெக்கறாங்க. மண்ணு போயி மரம் வந்திருச்சு, கண்ணு மட்டும் அதேதான்.

— அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே. அதுக்குத்தான் அத்தை அத்தனை தடவை சொல்லி உட்டிருக்குது. 'வண்டி வந்ததும் எங்கையில குடு, கண்ணத் தடவிப் பாப்பேன். குழியா இருந்தா கருப்புகிட்டக் கொண்டு போவாத'ன்னு. இந்தாங்க, பாருங்க, கையோட அனுப்பியும் வெச்சிருக்குது.

— என்ன இது, சுண்டக்காயா?

— நாலு எண்ணிப் பறிச்சுக் குடுத்துதுங்க. புது வண்டிக்குச் சக்கரத்துக்கு ஒண்ணா எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துவாங்களே. இந்தச் சக்கரத்துக்கு எலுமிச்சை பெருசுன்னு சுண்டக்காய் போதும்னுருச்சு. கண்ணு தெரியாம வேலியத் தடவித் தடவிப் பறிச்சுது. கையெல்லாம் கீறல்.

— அடக் கடவுளே.

— தொறந்துருங்க சென்றாயண்ணா. நான் பொழுதோட கெளம்பணும்.

— பாசிமணி இல்லை அம்மிணி. கண்ணுக்கு வெக்கற வெள்ளைக் கண்ணாடிப் பாசி தீந்துபோச்சு. அடுத்த சந்தைக்குத்தான் வரும்.

— நான் கொண்டாந்திருக்கறனுங்க. இது செரியா இருக்குமா பாருங்க. ரெண்டும் ஒரே அளவு.

— எங்க புடிச்ச இதை?

— தாலிக்கயித்துல கோத்திருந்ததுங்க.

— அதுல போய்க் கைய வெப்பாங்களா? பாவாயம்மாளுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?

— அதுக்குக் கண்ணு தெரியாதுங்களே. அவரு வண்டிக்குத்தானுங்க போவுது, வேற எங்கயும் போவலை. வெச்சுப் பாருங்க. குழிக்குள்ள உக்காரும்.

— கலைச்செல்வி, அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காரு.

— நின்னுக்கறனுங்க.

— உக்காருங்கறேன். நான் சொல்லப்போறத நின்னுக்கிட்டுக் கேக்க முடியாது. பெயின்டு போன வாரமே காஞ்சு போச்சு. பாசியும் எங்கிட்ட டப்பா நெறைய இருக்குது. நான் இத்தனை நாளும் பொய்தான் சொன்னேன். நெத்தி நெறையப் பொட்டும் தலையில பூவுமா நீ வந்து நிக்கறே. உன்ற மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வல்லை.

— என்னங்ணா சொல்றீங்க?

— உனக்கு முந்தி ஒரு பொண்ணு வந்துச்சு. கீழ்நாட்டுப் பொண்ணு, தருமபுரிப் பக்கம். இடுப்புல ஒரு பொட்டப்புள்ள. வண்டி ஒண்ணு செஞ்சு தரணும்னுச்சு. என்ன வண்டின்னேன். பிளைமவுத்துன்னுச்சு. டீசல் இன்ஜின் மாத்தினது, பானெட்டு மேல தகரக் கூடு, பின்னால தூக்கினது, ஒரு பின்கதவு மட்டும் பச்சை. சீட்டுக்கடியில வெள்ளைக் கல்லு, கல்லுல மஞ்சப் பொட்டு. நானென்ன கண்டேன்? யாரோ ரசனைக்காரன் வண்டிபோல இருக்குதுன்னு ஆசை ஆசையாச் செஞ்சு குடுத்தேன். பொறவு நீ வந்தே. நீ ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல எனக்கு உளி புடிச்ச கை நின்னு போச்சு. உலகத்துல ரெண்டு பச்சைக் கதவா இருக்கும்?

— ம்.

— கேக்கறயா அம்மிணி?

— கேக்கறனுங்க. சொல்லுங்க.

— தொண்ணூத்தெட்டுல மலையெறங்கின மனுசன் அங்க அந்தப் பொண்ணோட இருந்திருக்கறாரு. நானாக் கட்டிச் சொல்லலை, அந்தப் பொண்ணே சொல்லுச்சு, தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் சொல்லுச்சு. மலையில சுமோவும் மினி பஸ்சும் வந்து பொழப்புப் போச்சுன்னு வந்தவராம். இன்னிக்குப் போலாம் நாளைக்குப் போலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். அவரு நல்லவரா கெட்டவரான்னு எனக்குச் சொல்லத் தெரியலை. உனக்குச் செஞ்சது அநியாயம், அது மட்டும் தெரியும்.

— இருந்தாருன்னு சொல்றீங்க.

— ஆமா. இருந்தாரு. வண்டி நெறைய ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஒரு ஏத்தத்துல போய்க்கிட்டு இருந்தாராம். நெஞ்சப் புடிச்சுக்கிட்டாராம். வண்டிய ஓரங்கட்டி, கைப்பிரேக்க இழுத்து, எறங்கி, சீட்டுக்கடியில இருந்து கல்ல எடுத்துப் பின்சக்கரத்துக்கு வெச்சிருக்கறாரு. வெச்சிட்டு அந்தச் சக்கரத்துலயே சாஞ்சு உக்காந்தவருதான். வண்டி ஒரு நூலு அசையலையாம். ஏறினவங்க அத்தனை பேரும் நல்லபடியா ஊடு சேந்தாங்களாம்.

— கல்ல வெச்சாருங்களா?

— வெச்சாராம்.

— மறக்க மாட்டாருங்க. எத மறந்தாலும் அத மறக்க மாட்டாரு.

— தண்ணி குடிக்கறயா?

— வேண்டாமுங்க.

— அழுதுரு அம்மிணி. நான் வேணும்னா அந்தப் பக்கம் போய் நின்னுக்கறேன். ஆரும் வர மாட்டாங்க.

— அழுகையெல்லாம் தீந்துபோச்சுங்க. இனி எங்க போயிக் கொண்டாரது.

— அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு தெரியுமா? 'கண்ணு தொறக்காதீங்க, குழிய மட்டும் தோண்டி உட்டுருங்க, அடிவாரத்துக் கருப்புகிட்ட கீழ்நாட்டப் பாத்து வெக்கணும்'னுச்சு. போய்ச் சேந்தவங்களுக்கு அப்படித்தான் வெப்போம், மலைக்கு முதுகக் காட்டி, கண்ணில்லாம. கீழ்நாட்டுல ஆருக்கும் இந்தக் கணக்குத் தெரியாதே, இந்தப் பொண்ணுக்கு ஆரு சொல்லிக் குடுத்தாங்கன்னு அன்னிக்கே ரோசனை பண்ணினேன். ஒருவேளை அவரே என்னிக்காவது சொல்லியிருப்பாரு போலன்னு உட்டுட்டேன்.

— இருக்குமுங்க.

— இப்பச் சொல்லு. அதே ஆளுக்கு, அதே வண்டிக்கு, நான் எப்படிக் கண்ணு தொறப்பேன்? ஒண்ணு கருப்புகிட்டக் கீழ பாத்துக்கிட்டு நிக்குது. இதைக் கொண்டு போய் மேல பாத்து நிறுத்தறதா? எங்கப்பன் சாகற வரைக்கும் சொன்னாரு. செத்தவனுக்குக் கண்ணு தொறந்தா அவன் போற எடம் போவ மாட்டான், உசுரோட இருக்கறமாட்டம் ஊட்டையே சுத்திக்கிட்டுக் கெடப்பான்னு.

— கெடக்கட்டுங்களே.

— என்ன சொல்றே நீ?

— சுத்திக்கிட்டுக் கெடக்கட்டுங்கறேன். உசுரோட இருக்கறப்ப வராதவரு அப்படியாவது வந்து கெடக்கட்டும். அத்தை அவரு சத்தத்துக்குத்தான காது குடுத்துக்கிட்டுக் கெடக்குது.

— இது வெளையாட்டு இல்லை கலைச்செல்வி. நான் தொறந்தா அந்தப் பாவம் எனக்கும்தான்.

— உங்களுக்கு வேண்டாமுங்க. நீங்க பசைய மட்டும் வெச்சுக் குடுங்க, பாசிய நான் வெக்கறேன். பாவம் எங்கிட்டயே இருக்கட்டும்.

— வேண்டாஞ் சாமி. ஊட்டுக்குப் போயி பாவாயம்மாகிட்ட உண்மையச் சொல்லு. எத்தனை நாளைக்கு மறைப்பே? நானும் வேணும்னா கூட வாரேன். ரெண்டு பேருமாச் சேந்து சொல்லுவோம்.

— அது ஒருவேளைக் கஞ்சி குடிக்கறதே அவரு வருவாருன்னுதானுங்க. சொன்னா அதுவும் நின்னு போயிரும். மவன் போயாச்சு, ஆத்தாளையும் நானே அனுப்பி வெக்கணுமா?

— எல்லாத்துக்கும் கணக்குச் சொல்றவன், இதுக்கு எங்கிட்டக் கணக்கில்லை.

— சென்றாயண்ணா, ஒண்ணு கேக்கறேன்.

— கேளு.

— அன்னிக்கு இங்க வந்தப்ப அந்தப் புள்ளைக்கு இருமல் நின்னிருந்துச்சுங்களா?

— எந்தப் புள்ளைக்கு?

— அந்தப் பொண்ணு இடுப்புல இருந்த புள்ளைக்குங்க.

— எங்க நின்னுச்சு. நான் அளவெடுத்து முடிக்கற வரைக்கும் லொக்கு லொக்குன்னுதான் இருந்துச்சு. எங்கூட்டுக்காரி துளசி கசக்கிக் குடுத்தா. இரு அம்மிணி. நான் இருமல்னு ஒரு வார்த்தை சொல்லலையே. உனக்கு எப்படித் தெரியும்?

— அந்தப் பொண்ணு மேனகாவ உங்ககிட்ட அனுப்பி வெச்சதே நாந்தானுங்ணா, அவரு போன சேதி எனக்கு அப்பவே தெரியும். அத்தை இருக்கற வரைக்கும் கண்ணில்லாத வண்டிய நான் வெக்க முடியாது, அவளாவது அவருக்கு வெக்கட்டும்னுதான் கணக்கெல்லாம் சொல்லிக் குடுத்து அனுப்பினேன். கண்ணத் தொறங்க, பஸ்சு வந்துரும். இன்னிக்காவது அத்தை ராத்திரிச் சோறு உங்கட்டும்.